மைக் போச்சா ப்ரோ?

வீடியோ கேம் போட்டிகளுக்கு நேரலையில் வர்ணனை சொல்லும் காஸ்டிங்கை ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால் "காசு வரல" என்று சொல்லிவிடுவேன். கேட்பவர்களுக்கு அது போதும். ஆபீஸில் பக்கத்து சீட்காரர், கல்யாணப் பந்தியில் அருகில் உட்காரும் சொந்தக்காரர், "அண்ணா மறுபடி எப்ப வருவீங்க" என்று இன்ஸ்டாவில் எப்போதாவது எட்டிப் பார்க்கும் பையன்கள், எல்லோரும் அந்தப் பதிலுக்குத் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பொய்யும் இல்லை, காசு வரவில்லைதான். போன மாதம் சித்தி பையன் கேட்டபோதுதான் சிக்கல். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், அவனுக்கும் பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேமுக்குக் காஸ்டராக வேண்டுமாம். வழக்கமான பதிலைச் சொன்னேன். "சரிண்ணே, காசு வந்திருந்தா இருந்திருப்பீங்களா?" என்றான். ஏதோ மெசேஜ் வந்த மாதிரி போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அன்றிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் ஆரம்பித்தது 2021இல். பப்ஜி மொபைலை முந்தைய வருடம் செப்டம்பரில் 118 செயலிகளில் ஒன்றாகத் தடை செய்திருந்தார்கள். ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. லாக்டவுனில் வேலை போய், திருச்சியில் ஒரு ஒற்றை அறையில் நானும் போனுமாக உட்கார்ந்திருந்த காலம். யூடியூபில் சின்னச் சின்ன டோர்னமென்ட்கள் தினமும் ஓடும், இருநூறு பேர் பார்ப்பார்கள், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று, கேம் ஆடுகிறவர்கள் குழுவாகப் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் ஆப்பில் கேட்பார்கள். முதல் நாள் சும்மாவே பேசினேன். இரண்டாவது முறை ஜிபேயில் 300 ரூபாய் வந்தது. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இன்னும் அழிக்கவில்லை.

அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எதிரொலி வரக்கூடாது என்று சுவரில் இரண்டு போர்வைகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தேன். மைக் ஃபேன் சத்தத்தைப் பிடித்துவிடும், அதனால் காஸ்டிங் நேரத்தில் ஃபேன் கிடையாது. திருச்சியில் மே மாதம் ஃபேன் இல்லாமல், போர்வை மூடிய அறையில், ஹெட்செட் மாட்டிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் கத்துவது என்றால் என்ன என்பது திருச்சிக்காரர்களுக்குப் புரியும். இறுதி நாளில் ஆறு மேட்ச், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் ஃபேனைப் போட்டுவிட்டுத் தரையில் படுத்துக்கொள்வேன். ஒருநாள் ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். திறந்தால் பின்னாலேயே அவர் மகனும் நிற்கிறார், கையில் டார்ச். "தம்பி, யாரு செத்தது?" என்றார். நான் சொல்லிக்கொண்டிருந்தது "மூணு பேரும் செத்துட்டாங்க, ஒருத்தன் மட்டும் தப்பிச்சு ஓடுறான், விடாத, விடாத!" என்பது. அதற்கப்புறம் டோர்னமென்ட் இருக்கும் நாட்களில் காலையிலேயே கீழே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். "இன்னைக்கு எத்தனை பேருப்பா?" என்று கேட்பார். அறுபத்து நாலு பேர்மா என்பேன்.

யாரோ காட்டுவதை

அந்த அறுபத்து நாலுதான் இந்த வேலையின் முதல் தலைவலி. பதினாறு ஸ்க்வாட், ஸ்க்வாடுக்கு நாலு பேர், ஒரு பெரிய மேப். ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் சண்டை நடக்கும். எதைக் காட்டுவது என்று முடிவு செய்பவர் அப்சர்வர். பெரிய மொழிகளின் காஸ்டர்கள் அப்சர்வரோடு ஒரே ஸ்டூடியோவில் இருப்பார்கள், "போச்சிங்கி பக்கம் போங்க" என்று மேப்பில் உள்ள ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்க அவர்களால் முடியும். தமிழில் பேசுகிற எங்களுக்கு வருவது அவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த படம் மட்டும்தான், அதுவும் டிஸ்கார்ட் வழியாக. நான் திருச்சி, கூடப் பேசும் பார்ட்னர் கோவை. அவர் குரல் எனக்கு வந்து சேர அரை நொடி, படம் வந்து சேர இன்னொரு அரை நொடி. அவர் "அடிச்சான்" என்று சொல்லும்போது என் திரையில் அவன் இன்னும் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. பழகிவிடும். பழகியபின் நீங்கள் பார்த்து ஆச்சரியப்பட்டுப் பேசுவதில்லை. ஆச்சரியப்பட்ட குரலை முதலில் எடுத்து வைத்துவிட்டு, படம் வந்து அதில் பொருந்தக் காத்திருக்கிறீர்கள்.

அப்சர்வர் ஒரு சண்டையைத் தவறவிட்டால் கில் ஃபீடைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். திரையின் மூலையில் வரும் அந்தச் சின்ன வரிகளிலிருந்து, யார் யாரை எந்தத் துப்பாக்கியால் விழுத்தினார் என்பதை வைத்து, நான் பார்க்காத ஒரு சண்டையைப் பார்த்த மாதிரி சொல்வேன். "சுவத்துக்குப் பின்னாடி இருந்து எட்டிப் பார்த்து ஒரே ஸ்ப்ரே!" சுவர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நன்றாகவே செய்வேன். அதைக் கேட்டு யாரும் குறை சொன்னதில்லை என்பதே பிற்பாடு எனக்கு உறுத்தலாக இருந்தது.

விளையாடுவதும் நின்றுபோயிற்று. முன்பு ராத்திரி இரண்டு மணி வரை விளையாடியவன், காஸ்டிங் வந்தபின் வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடினால் பெரிய விஷயம். ஆடினாலும் உள்ளுக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கும், "இப்ப ரொட்டேட் பண்றாரு, கார் சத்தம் கேக்குது, ரிஸ்க் எடுக்குறாரு". நானே ஆடி நானே காஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது இதே சித்தி பையன், அப்போது பள்ளிக்கூடப் பையன், என்னோடு இருவர் அணியாக டூயோ ஆடிவிட்டு "அண்ணே, நீங்க சத்தத்த கேக்கவே மாட்டேங்குறீங்க, பின்னாடி வர்றான்னு நான் சொல்லித்தான் தெரியுது" என்றான். அவன் சொன்னது ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான்.

விளையாடாதவர்களுக்கு ஒரு விளக்கம். பார்ப்பதற்குச் சுடும் ஆட்டம், உண்மையில் இது காதுக்கான ஆட்டம். எதிராளியின் காலடிச் சத்தம் இடது காதில் கேட்கிறதா வலது காதிலா, மரத்தரையில் நடக்கிறானா புல்லிலா, மாடிப்படியில் ஏறுகிறானா இறங்குகிறானா, ஊர்ந்து வருகிறானா. நல்ல ஆட்டக்காரன் ஹெட்செட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பான். நான் இதன்மீது பைத்தியம் ஆனதே அந்த உட்காரலுக்காகத்தான். பாத்ரூமுக்குள் ஒளிந்துகொண்டு, வெளியே ஒருவன் நடந்து போவதைக் கேட்டுக்கொண்டே இருப்பது. என் வேலையோ அந்தக் காலடிச் சத்தத்தின் மேல் பேசிக்கொண்டே இருப்பது. நாங்கள் வாயைத் திறந்தால் ஆட்டத்தின் ஒலி தானாகக் குறையும்படி ஆடியோவை அமைத்திருப்பார்கள்.

ஊரில் ஒரு மைக்காரர்

எனக்கு மைக் மேல் ஆசை வந்தது யூடியூபால் இல்லை. எங்கள் ஊர் மணப்பாறைப் பக்கம். பொங்கல் முடிந்தால் மின்னொளிக் கபடி. சுற்று வட்டாரத்தில் முப்பது நாற்பது டீம் வரும், விடிய விடிய நடக்கும். மைக் செட் போடுபவரே கமென்ட்ரியும் சொல்வார், எங்களுக்கு மாமா முறை. அண்டா பரிசு யார் தருகிறார்கள், டிராக்டர் யாருடையது, சைக்கிளை எடுத்து ஓரமாக நிறுத்துங்கள் என்பதிலிருந்து, எந்த ஊர்ப் பையன் போன வருடம் எத்தனை பேரைத் தொட்டான் என்பது வரை வாய் ஓயாது. அப்பேர்ப்பட்ட மனிதர், நல்ல ரைடர் ஒருவன் கோட்டைத் தாண்டி உள்ளே போனதும் மைக்கை வாயிலிருந்து இறக்கி மார்போடு வைத்துக்கொள்வார். கூட்டத்தில் யாராவது கத்தினால் "ஏய், பாட்டு கேக்கட்டும்பா" என்பார். பாடிப் போகிறவனின் கபடி கபடி கபடி அந்தக் குழாய் விளக்கு வெளிச்சத்தில் தனியாகக் கேட்கும். மூச்சு எங்கே தேய்கிறது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். பிடிபட்டாலோ தப்பி வந்தாலோ மாமாவின் மைக் மறுபடி வாய்க்குப் போகும்.

வானொலியில் அப்படி விட முடியாது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர் என் அப்பா. பந்து எங்கே போயிற்று என்று அந்தக் குரல் சொன்னால்தான் அவருக்கு மைதானம். குரல் நின்றால் மைதானமே இல்லை. தொலைக்காட்சி வந்தபின் ரிச்சி பெனோ போன்றவர்கள் பேசாமல் இருப்பதையே ஒரு கலையாகச் செய்தார்கள், படம்தான் இருக்கிறதே. இ-ஸ்போர்ட்ஸில் படம் இருந்தும் எப்படி வானொலிக்காரர் மாதிரி ஆனோம் என்று யோசித்திருக்கிறேன். ஒரு காரணம் நியாயமானது. எந்த டீமிடம் எவ்வளவு கையெறி குண்டு மிச்சம், ஆடும் களமாகச் சுருங்கிக்கொண்டே வரும் ஜோன் எப்போது நகரும், இவன் ஏன் கண்ணெதிரே வந்தவனைச் சுடாமல் விட்டான் என்பதெல்லாம் படத்தில் தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். இன்னொரு காரணம் பயம். பார்ப்பவன் விரல் அடுத்த வீடியோவின் மேலேயே இருக்கிறது, ரெண்டு நொடி சும்மா விட்டால் போய்விடுவான் என்ற பயம். மூன்றாவது, ஷார்ட்ஸ். கத்தினால்தான் வெட்டிப் போட முடியும்.

ஒன்பது நொடி

2023 கடைசி. கேம் ஒருமுறை காணாமல்போய்த் திரும்பி வந்திருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். நடுத்தரமான ஒரு டோர்னமென்ட், இறுதி நாள், ஆறாவது மேட்ச், எரங்கல் மேப். கடைசி ஜோன் போச்சிங்கிக்கு வெளியே வயலில் விழுந்தது. ஒரு பக்கம் ஒருவன் மட்டும் மிச்சம். எதிரே மூன்று பேர். அந்த ஒருவன் வரப்பு மாதிரி ஒரு மேட்டுக்குப் பின்னால் குப்புறப் படுத்துவிட்டான். ஸ்னேக் என்று கிண்டல் செய்வோமே, அது. மறைந்துகொள்ளப் போடும் ஸ்மோக் குண்டு தீர்ந்துவிட்டது, மருந்தும் இல்லை. அப்சர்வர் அவன் பார்வையில் கேமராவை வைத்தார். திரை முழுக்கப் புல். வேறொன்றும் இல்லை.

அதுவரை நான் கத்திக்கொண்டுதான் இருந்தேன். புல் மட்டும் தெரிந்ததும் வாய் நின்றது. திட்டமிட்டு நிறுத்தவில்லை, வேர்த்துப்போய்த் தொண்டையும் வறண்டிருந்தது. நான் நிறுத்தியதும் குறைந்திருந்த கேம் ஒலி மெல்ல மேலே வந்தது. புல்லில் சரசரப்பு. இடது காதில் ஒருவன், அவசரமில்லாமல் நடக்கிறான். நிற்கிறான். வலது பக்கம் தூரத்தில் இன்னொருவன் ஓடுகிறான். மூன்றாமவன் எங்கே என்று படுத்திருப்பவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டரை வருடத்தில் முதல்முறையாக நானும் ஆட்டக்காரனும் ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கையில் மயிர் நின்றது. பார்ட்னரும் பேசவில்லை. அவருக்கும் இது புரிந்துவிட்டது, பேசாமல் விடுகிறார் என்று நினைத்து அந்த நொடியில் அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

அப்போது ஹெட்செட்டில் தயாரிப்புப் பக்கமிருந்து குரல். "ஹலோ, ஹலோ, தமிழ் ஆடியோ வரல. மைக் போச்சா ப்ரோ?"

"இருக்கு ப்ரோ, சாரி ப்ரோ" என்றேன். சாட்டில் "ஆடியோ கட்", "காஸ்டர் தூங்கிட்டாரா" என்று வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் புல்லில் இருந்தவன் எழுந்து இரண்டு பேரை விழுத்தி, மூன்றாமவன் கையில் செத்திருந்தான். நான் சாரி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில். கில் ஃபீடைப் பார்த்து "என்ன ஒரு சம்பவம், ரெண்டு பேரை எடுத்துட்டான், கொஞ்சத்துல போச்சே!" என்று கத்தினேன். நன்றாகத்தான் கத்தினேன். அந்தத் துண்டை மறுநாள் ஷார்ட்ஸாகப் போட்டார்கள், புல் தெரியும் பகுதியை வெட்டிவிட்டு.

முடிந்ததும் தயாரிப்பாளர் தனியாக அழைத்தார். திட்டவில்லை. "டெட் ஏர் மட்டும் விடாதீங்க ப்ரோ, ஸ்பான்சர் ஆளுங்க லைவ் பாக்குறாங்க" என்றார். அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். சத்தம் நின்றால் ஏதோ பழுது என்று எடுத்துக்கொள்வது அந்த இடத்தில் இருக்கும் யாரும் செய்வதுதான். பார்ட்னரிடம் அந்த அமைதியைப் பற்றிக் கேட்டேன். "அதுங்களா? உங்க லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சு நான் என் டிஸ்கார்டைப் பார்த்துட்டு இருந்தனுங்ணா" என்றார்.

பிறகு ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தேன். நான் வாய் மூடியிருந்தது ஒன்பது நொடி.

அன்றைக்கே விட்டுவிடவில்லை. இந்த வேலையில் ராஜினாமா என்று ஒன்று கிடையாது. "இந்த வாரம் கொஞ்சம் முடியாது ப்ரோ" என்று மூன்று முறை சொன்னால் நான்காவது முறை கூப்பிட மாட்டார்கள். 2024 மார்ச்சுக்குள் நான் அந்த மூன்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

விட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள்

விட்டபின் ஒரு பழக்கம் வந்தது. வேறு யாரெல்லாம் விட்டார்கள் என்று தேடிப் படிப்பது. பெரிய ஊர்களின் பெரிய பெயர்கள், எனக்கும் அவர்களுக்கும் சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்கும் தூரம். ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. சிஎஸ்:கோ என்ற கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டத்தில் உச்சத்தில் இருந்த காஸ்டர் ஹென்ரிஜி, 2020 செப்டம்பரில் க்ளவுட்9 அணியின் மேலாளராகப் போனார். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத் தொகையை வெளிப்படையாக அறிவித்து ஒரு அணியைக் கட்டினார். அதே வருடம் மோசஸ் காஸ்டிங்கை விட்டு டீம் லிக்விடின் சிஎஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அதே டீம் லிக்விடின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அணிக்கு, அதே 2020இல், அந்த ஆட்டத்தின் காஸ்டராக இருந்த ஜாட் பயிற்சியாளர். கொரிய லீக்கை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த பாப்பாஸ்மித்தி, 100 தீவ்ஸ் அணிக்குப் பொது மேலாளராகப் போனார். லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் பழைய குரல்களில் ஒருவரான ஃப்ரீக், 2022இல் ஒளிபரப்பை விட்டு அந்த ஆட்டத்தையே வடிவமைக்கும் குழுவுக்குப் போய்விட்டார். எந்தக் கதாபாத்திரத்தின் பலத்தைக் குறைப்பது என்று முடிவெடுக்கும் இடம் அது.

பர்ன் அவுட் என்ற சொல்லை இதற்கெல்லாம் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமான விளக்கமாகப் படுகிறது. களைத்துப்போனவன் ஓய்வெடுக்கப் போவான், கடற்கரைக்குப் போவான். இவர்கள் தூக்கம் இன்னும் குறைவான வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள், எல்லாமே ஆட்டத்துக்கு இன்னும் ஒரு படி உள்ளே. எல்லாவற்றையும் பார்த்து, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, எதையும் தொட முடியாத நாற்காலி காஸ்டருடையது. இந்த டீம் இந்தத் தவற்றைத்தான் செய்யும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், அவர்களும் செய்வார்கள், நீங்கள் ஆச்சரியப்பட்ட குரலில் அதைச் சொல்ல வேண்டும். ஒரு கட்டத்தில் கை பரபரக்கும்.

இதில் இன்னொரு பாதியையும் சொல்லிவிட வேண்டும். ஹென்ரிஜியின் அணி சில மாதங்கள்தான் தாங்கியது, அடுத்த வருடமே கலைந்தது. மோசஸும் ஜாட்டும் 2021இலேயே பயிற்சியாளர் பொறுப்பை விட்டார்கள். மூவருமே மறுபடி மைக்குக்குத் திரும்பினார்கள். உள்ளே போனால் தீர்ந்துவிடும் என்பதெல்லாம் இல்லை போலிருக்கிறது. விடாமல் இருப்பவர்களும் உண்டு. டேஸ்ட்லெஸ், ஆர்ட்டோசிஸ் ஜோடி 2010இல் சியோலில் ஸ்டார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தின் லீக்கைச் சொல்ல ஆரம்பித்து, பத்து வருடத்துக்கு மேலாக ஒன்றாகப் பேசியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆர்ட்டோசிஸ் பழைய ஸ்டார்கிராஃப்டை ஸ்ட்ரீமில் ஆடிக்கொண்டே இருப்பவர், தோற்றால் தலையில் அடித்துக்கொண்டு புலம்புபவர். அந்தப் புலம்பல்தான் அவரைக் காப்பாற்றியது என்று எனக்கு ஒரு நினைப்பு. எனக்கு அப்படித் தோற்க நேரம் இருக்கவில்லை.

என் போன்றவர்களுக்கு உள்ளே போகும் கதவும் இருக்கவில்லை. தமிழில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு நாள் பேசுகிறவனை எந்த அணி மேலாளராகக் கூப்பிடும்? என்னோடு பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கல்யாண ரிசப்ஷன்களுக்குத் தொகுப்பாளர், ஒருவர் பெங்களூரில் கால் சென்டர், ஒருவர் ஊரில் மொபைல் கடை. நான் காப்பீட்டு நிறுவனத்தில் கிளைம் பிரிவு. விபத்து நடந்த பின்னால் வரும் காகிதங்களை வைத்து, விபத்து எப்படி நடந்தது என்று எழுதும் வேலை. கில் ஃபீட் பார்த்துப் பேசியவனுக்கு இது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

காசும்தான்

இதையெல்லாம் ஒருநாள் ராத்திரி பார்ட்னரிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. மாசம் நாப்பதாயிரம் டைமுக்கு வந்துட்டு இருந்திருந்தா, நீங்க இந்தக் காலடிச் சத்தத்தைப் பத்தியெல்லாம் பேசியிருப்பீங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. பேசிய காசு வர மூன்று மாதம் ஆகும். இன்வாய்ஸ் அனுப்பி, பேன் நம்பர் அனுப்பி, மறுபடி இன்வாய்ஸ் அனுப்பி, பத்து சதவீதம் டிடிஎஸ் போக வரும். ஒரு இடத்தில் நாலு நாள் பேசிய காசு இன்றுவரை வரவில்லை. அதை நடத்தியவர் இப்போது வேறு பெயரில் வேறு டோர்னமென்ட் நடத்துகிறார், என் மெசேஜுக்கு இரண்டு நீல டிக் விழுகிறது. பெரிய இடத்திலும் இந்தக் கதை உண்டு. 2016இல் ஷாங்காயில் நடந்த எம்எஸ்ஐ என்ற லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் சர்வதேசப் போட்டிக்கு மான்டேகிறிஸ்டோ, டோவா, பாப்பாஸ்மித்தி என்ற காஸ்டர்கள் மூவரும் அந்த ஆட்டத்தின் முதலாளியான ரயட் நிறுவனத்தோடு சம்பளப் பேச்சு படியாததால் போகவில்லை. கொரியாவின் ஆட்டத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த குரல்கள் அவை. போட்டி அவர்கள் இல்லாமலே நடந்தது. முதல் இருவரும் பிறகு ஓவர்வாட்ச் என்ற வேறொரு ஆட்டத்தின் லீக்குக்குப் போய், 2020 ஜனவரியில் அங்கிருந்தும் விலகினார்கள். 2023 சீசனோடு அந்த லீகே முடிந்துபோனது.

கிரிக்கெட் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு வாரியத்தோடு சண்டை போட்டவர் இன்னொரு சேனலில் போய்ப் பேசலாம், நாளைக்கும் மட்டை மட்டைதான். எங்கள் ஆட்டத்துக்கு ஒரு முதலாளி உண்டு, ஒரு சர்வர் உண்டு, அதற்கும் மேலே ஓர் அரசாங்கம் உண்டு. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ போட்டி ஸ்டார் ஸ்போர்ட்ஸில் ஓடியது. வீட்டில் கேபிள் டிவியில் ஆட்டத்தைப் பார்த்த அம்மா, "இதுதான் நீ கத்துறதா" என்று முதல்முறை உட்கார்ந்து பார்த்தார். அதே மாதம் 28ஆம் தேதி ஆப் ஸ்டோர்களிலிருந்து கேமைத் தூக்கிவிட்டார்கள். போனில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஆட்டம் ஓடியது, டோர்னமென்ட்தான் ஓடவில்லை. எனக்கு எல்லா மேப்பிலும் எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று தெரியும், அந்த அறிவை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் ஆடும் வாலரண்ட் என்ற ஆட்டத்துக்குப் பேசிப் பார்த்தேன். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாமல், ஆடாத ஆட்டத்தை ஆடியவன் மாதிரி பேசினேன், இரண்டு வாரத்தில் சாட் கண்டுபிடித்துவிட்டது. 2023 மே கடைசியில் கேம் திரும்பி வந்தபோது ஓடிப்போய்ப் பழைய ஹெட்செட்டைத் தேடி எடுத்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. அந்தப் பத்து மாதம் காசு இல்லாமல்தான் இருந்தேன், ஆனாலும் விட வேண்டும் என்று தோன்றவே இல்லையே என்று பார்ட்னரிடம் சொன்னேன். "அப்ப கல்யாணம் ஆகலீங்களே" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சித்தி பையனுக்கு என்ன சொல்வது என்றும் இன்னும் தெரியவில்லை. ஃபேனைப் போடாதே, எழுத்தில் வாங்காமல் பேசாதே, வாரத்துக்கு ஐந்து மேட்சாவது நீயே ஆடு என்று மூன்று விஷயம் சொல்லிவிட்டு, போர்வைகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் பார்ட்னர் கூப்பிட்டார். நாலு நாள் போட்டி, கூடப் பேச ஆள் வேண்டும். எவ்வளவு என்றேன். "அதேதானுங்ணா" என்றார். லீவு கிடைக்காது என்றேன். "சரி, பாக்கவாவது பாருங்க" என்றார். கடைசி நாள் பார்த்தேன். கடைசி ஜோனில் இரண்டு பேர், ஒரு கிடங்கு, உள்ளே ஒருவன், வெளியே ஒருவன் சுற்றி வருகிறான். பார்ட்னர் நிறுத்தாமல் பேசுகிறார். நன்றாகவும் பேசுகிறார், முன்பைவிட நிதானம் வந்திருக்கிறது. என் விரல் மியூட் பக்கம் போயிற்று. அவர் குரல் என்பதால் விட்டுவிட்டேன். சத்தத்தை மட்டும் இரண்டு புள்ளி குறைத்து, திரைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன்.